ஹால் சுவரில் குடும்பப் படங்கள் மாட்ட யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சோபாவுக்கு மேலே உள்ள சுவரில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ படங்கள், அம்மா வரைந்த கோலங்கள், ஒரு சின்னத் தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் சேர்த்து மாட்ட ஆசை. படங்களின் மையம் தரையிலிருந்து 57 அங்குலத்தில், கண் மட்டத்தில் வர வேண்டும் என்பார்கள். செய்தித்தாளை ஃபிரேம் அளவுக்கு வெட்டி ஒட்டிப் பார்த்தேன், பிடித்திருக்கிறது.

சிக்கல் வேறு. வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார். டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டும் பட்டைகள் கண்ணாடி ஃபிரேமைத் தாங்குமா? கழற்றும்போது பெயின்ட் உரியுமா? மாலை வெயிலும் அங்கே நேராக விழுகிறது. பழைய படங்கள் வெளுத்துவிடும் என்பதால் ஸ்கேன் செய்து பிரதிகளை மட்டும் மாட்டப் போகிறேன். அப்புறம், தஞ்சாவூர் ஓவியம் பலகையில் செய்தது, நல்ல கனம். அதை அலமாரி மேல் சாய்த்து வைத்தால் பொருந்துமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.