கரையான்: தரையில் துளையிடுவதா, மரத்தில் மருந்து செலுத்துவதா?

திருநகரிலிருந்து:

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசக்காலின் அடியிலிருந்து பென்சில் பருமனில் மண் பாதை ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் தடவச் சொன்னவர்களே அதிகம். அது பட்ட கரையான் சாகும் என்பது உண்மைதான். ஆனால் தரைக்குக் கீழே புற்றிலிருக்கும் அரசிக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை.

விலை கேட்டபோது, மேலோட்டமாகத் தெளித்துவிட்டுப் போவதாகச் சொன்னவர் குறைந்த தொகையும், சுவரும் தரையும் சேருமிடத்தில் துளையிட வேண்டும் என்றவர் அதைவிடக் கூடுதலாகவும் கேட்டார்கள். கரையான் தடுப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 6313-இல், ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கான மூன்றாம் பகுதி, 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளையிட்டு, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் மருந்துக் கரைசல் செலுத்திப் பின் அடைக்கச் சொல்கிறது. அந்த இடைவெளியை ஒப்புக்கொண்டவரிடமே வேலையைக் கொடுத்தோம்.

மருந்தைப் பொறுத்தவரை, குளோர்பைரிபாஸின் நெடி இளைப்பு உள்ள அம்மாவுக்கு ஆகாது என்பதால் இமிடாகுளோபிரிட் போதும் என்றேன். அது இருப்பதைக் கரையான் உணர்வதில்லை. மருந்து பட்ட மண்ணில் நடந்து திரும்பும் பூச்சி, ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் வாழும் பழக்கத்தால், கூட்டத்தில் மற்றவற்றுக்கும் அதைக் கடத்திவிடுகிறது. பலன் உடனே தெரியாது, பொறுத்திருக்க வேண்டும். கொல்லைப்புறக் கிணற்றை ஒட்டிய சுவரில் மட்டும் மருந்தே வேண்டாம் என்று தடுத்துவிட்டோம், குடிப்பது அந்தத் தண்ணீர்தானே. குளியலறைக் குழாய்க் கசிவையும் முதலிலேயே சரிசெய்தோம், ஏனெனில் ஈரம் இருக்கும்வரை கரையானுக்கு அழைப்பு இருந்துகொண்டே இருக்கும்.

வடக்கு மாசி வீதியிலிருந்து:

மேலே சொன்ன முறை எங்கள் பழைய வீட்டுக்குப் பொருந்தவில்லை. மண் பாதை எங்கும் இல்லை. தேக்கு உத்திரத்திலிருந்து கசகசா போன்ற துகள்கள் மட்டும் தரையில் கொட்டிக்கொண்டிருந்தன. அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையானின் எச்சம், மண்ணோடு அதற்குத் தொடர்பே கிடையாது. அப்படியிருந்தும் தரை முழுவதையும் துளையிட்டுத் தருவதாக ஒருவர் பேரம் பேசினார். இன்னொருவர் சுத்தியலால் உத்திரங்களைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி எழுந்த இடங்களில் மெல்லிய துளை போட்டு ஊசியால் மருந்து செலுத்தினார். உள்ளே முழுவதும் குடைந்துபோயிருந்த ஓர் உத்திரத்தைத் தச்சரை வைத்து மாற்றினோம். கழற்றிய கட்டை வேறு அறைக் கதவுகளுக்குப் பரவாதபடி அன்றே எரித்துவிட்டோம்.