ட்ரெய்லர் இழுக்கும்போது டீசல் பிக்கப்பின் ஃபேன் இரைச்சல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொலராடோவாசி

போன ஜூன் கடைசி வாரம் நடந்தது. ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு மலைப்பயணம் போனது அதுதான் முதல் தடவை. டீசல் பிக்கப், பின்னால் 28 அடி கேம்பர் (தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர்). தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து எடைமேடையில் ட்ரெய்லர் மட்டும் 7,800 பவுண்டு காட்டியது.

ஐ-70 ஹைவேயில் டென்வருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சில்வர்தார்ன் தாண்டியதும் ஐசன்ஹோவர்-ஜான்சன் சுரங்கப்பாதை வரை சுமார் 8 மைல் ஏற்றம், சரிவு 7 சதவீதம் வரை போகும். சுரங்கம் 11,000 அடிக்கு மேல். பாதி ஏற்றத்தில் முன்னாலிருந்து திடீரென்று ஓர் இரைச்சல். ரைஸ் மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. "ஜன்னல் எதுவும் திறந்திருக்கா?" என்று மனைவி கேட்டாள். பாட்டே காதில் விழவில்லை. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 219 டிகிரி ஃபாரன்ஹீட், கியர்பாக்ஸ் ஆயில் 208.

எஞ்சின் போய்விட்டது என்றே நினைத்தேன். ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். சத்தம் நின்றது. ஆனால் சாவியை ஒரு சுற்று திருப்பி மீட்டரைப் பார்த்தால், இரண்டு நிமிடத்தில் 226! பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி ஆடுகிறது, பின் சீட்டில் மகன் அழுகிறான். பயந்துகொண்டே மறுபடி ஸ்டார்ட் செய்தேன், நின்ற இடத்திலேயே அதே இரைச்சல். மூன்று நிமிடத்தில் 205க்கு இறங்கி, அதுவாகவே அடங்கியது.

சர்வீஸுக்குக் கொண்டுபோனால் "நார்மல்" என்று ஒரே வார்த்தை. எது நார்மல், எது இல்லை என்று யாராவது விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.


பாலைவனத்தான்

நீங்கள் கேட்டது ஃபேன் கிளட்ச் பிடிக்கிற சத்தம். கார்களில் இருக்கிற சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் மாதிரி இல்லை இது. பெல்ட் வழியாக எஞ்சினே சுற்றிவிடுகிற ஃபேன். நடுவில் ஒரு கிளட்ச், அதற்குள் கெட்டியான சிலிகோன் எண்ணெய். வேலை இல்லாதபோது எண்ணெய் ஒரு அறையில் ஒதுங்கிக் கிடக்கும், ஃபேன் சும்மா சோம்பலாகச் சுற்றும். சூடு ஏறினால் வால்வு திறந்து எண்ணெய் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே பாயும், ஃபேன் கிட்டத்தட்ட எஞ்சின் வேகத்துக்கே வந்துவிடும். பழைய வண்டிகளில் கிளட்ச் முகத்தில் இருக்கும் சுருள் பட்டை, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டைப் பார்த்து வால்வைத் திறக்கும். புதியவற்றில் கம்ப்யூட்டர் கட்டளை போடுகிறது. கூலன்ட் மட்டும் இல்லை, கியர்பாக்ஸ் ஆயில், ஏ.சி. பிரஷர், எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு எல்லாம் கணக்கில் வரும். அதனால்தான் சில சமயம் கூலன்ட் முள் நடுவில் இருக்கும்போதே ஃபேன் கத்தும்.

இப்போது என் கதை. எனக்குச் சத்தம் கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கிங்மன் பக்கம் ஏறும் 68ஆம் எண் ரோடு தெரியுமா? டேவிஸ் டேம் ஏற்றம் என்பார்கள். பிக்கப்களுக்கு இழுவைத் திறன் எண் கொடுப்பதற்கான எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 தரச் சோதனையில் ஒரு பகுதி இந்த ஏற்றத்தை வைத்துத்தான். 11 மைலுக்கு மேல், வெளியே 100 டிகிரிக்குக் குறையாத வெயில், ஏ.சி. முழுசாக ஓட வேண்டும். ஆற்றில் படகு விட்டுவிட்டு, ஜூலை மதியம் 112 டிகிரியில் அதே ரோட்டில் வீட்டுக்குத் திரும்பினேன். படகும் ட்ரெய்லரும் சேர்த்து 5,500 பவுண்டுதான், பெரிய பாரமே இல்லை. மூன்றாவது மைலிலிருந்து முள் மெதுவாக ஏறுகிறது. 215, 222, 230. வண்டிக்குள் அமைதியோ அமைதி. பிள்ளைகள் தூங்குகிறார்கள். அந்த அமைதியைப் பார்த்து நான் வேறு "பரவாயில்லை, எஞ்சின் சிரமப்படவில்லை" என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள்!

240 தாண்டியதும் எஞ்சின் தானாகவே பவரைக் குறைத்துவிட்டது. ஏ.சி.யை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். 112 டிகிரி வெயிலில் ஹீட்டர். பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, தட்டுத்தடுமாறி ஓர் அகலமான இடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

மறுநாள் எஞ்சின் சூடாக இருக்கும்போதே அணைத்து, ஃபேனைக் கையால் சுண்டிப் பார்த்தேன். நாலைந்து சுற்று சுற்றியது. சூட்டில் அது இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். கிளட்ச் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய்க் கோடுகள், அதில் அப்பியிருந்த செம்மண் தூசு. உள்ளே இருந்த சிலிகோன் எண்ணெய் எப்போதோ கசிந்து போயிருக்கிறது. ட்ரெய்லர் மாட்டாமல் ஊருக்குள் ஓட்டியதில் ஒரு வருடமாக எனக்கு அது தெரியவே இல்லை.


ஸ்கார்பரோ லொறிக்காரன்

கொலராடோத் தம்பி, நீர் செய்த பிழை ஒன்றுதான். சத்தத்துக்குப் பயந்து எஞ்சினை நிற்பாட்டியது. எஞ்சின் நின்றால் ஃபேனும் நிற்கும், தண்ணிப் பம்பும் நிற்கும். இரும்பிலே இருக்கிற சூடு எங்கே போகும்? கூலன்டுக்குள்தான் இறங்கும். அதுதான் 226. டர்போவுக்கும் அது கூடாது. அடுத்தமுறை ஓரமாக விட்டு, நியூட்ரலில் போட்டு, ஆர்பிஎம்மைக் கொஞ்சம் கூட்டிப் பிடியும். கெதியாக இறங்கும்.

நான் ரொறன்ரோ-வன்கூவர் ஓட்டம், பதினைந்து வருசம். எங்கள் லொறிகளில் ஃபேன் கிளட்ச் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. பிக்கப் மாதிரி மெல்ல மெல்லப் பிடிக்காது, 'டக்' என்று பிடித்து உடனே உறுமும். பயிற்சிக்கு வருகிற பெடியள் முதல்நாள் துள்ளி விழுவார்கள்.

இன்னொரு விசயம், கியர். டீசலை மேல் கியரில் வைத்து 1,500 ஆர்பிஎம்மில் முக்கி முக்கி ஏற்றுகிறவர்களைக் கனக்கப் பார்த்திருக்கிறேன். ஃபேன் பிடித்தாலும் அதன் வேகம் எஞ்சின் வேகத்தைப் பொறுத்ததுதான். 1,500இல் அது என்ன காற்றை இழுக்கும்? ஒரு கியர் குறைத்து 2,300, 2,500இல் விட்டால் ஃபேனும் பம்பும் சேர்ந்து உழைக்கும். வேகத்தை 10 மைல் குறைத்தால் எஞ்சின் உண்டாக்கிற சூடும் குறையும். அதோடு நீர் போன உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளுகிற காற்று குறைவு.

சும்மா கிடைக்கிற காற்றும் இல்லை அது. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது தின்கிற சக்தி எட்டு மடங்கு. முழுசாகப் பிடித்தால் பிக்கப்பில் 20 குதிரைச் சக்திக்கு மேலேயே போய்விடும். ஏற்றத்தில் ஃபேன் பிடித்தவுடன் வண்டி கொஞ்சம் இழுபடுகிற மாதிரித் தெரிவதும் அதனால்தான். இதையே நாங்கள் இறக்கத்தில் பயன்படுத்துகிறோம். வன்கூவர் போகிற வழியில் கொக்கிஹாலா மலை ரோட்டில் 1,244 மீட்டரிலிருந்து ஹோப் ஊர்ப் பக்கம் இறங்கும்போது, எஞ்சின் பிரேக் போட்டால் ஃபேனும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி எங்கள் லொறியில் செட் பண்ணியிருக்கு. தின்கிற சக்தி அங்கே பிரேக் ஆகிறது.


மினசோட்டா குளிர்

நடுவில் ஒரு கேள்வி. ட்ரெய்லரே மாட்டவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு நிமிடம் இதே இரைச்சல் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறார்.


பாலைவனத்தான்

ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது எண்ணெய் தட்டுகளுக்கு நடுவே வடிந்து உட்கார்ந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது திரும்ப ஒதுங்குகிற வரைக்கும் கத்தும். ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் ஹைவேயில் போயும் அடங்கவில்லை என்றால் கிளட்ச் இறுகிக்கொண்டது என்று அர்த்தம், டீசல் செலவும் கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னிடம் மருந்து இல்லை.


கொலராடோவாசி

எல்லாருக்கும் நன்றி. லொறிக்கார அண்ணா, பிழையை ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னதை எல்லாம் படித்துவிட்டு, போன சனிக்கிழமை முன்பக்க கிரில்லைக் கழற்றினேன். வெளியிலிருந்து பார்க்க ஏ.சி. கண்டென்ஸர் பளிச்சென்று இருந்தது. அதற்கும் பின்னால் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பார்த்தால், மெத்தை தைக்கலாம் போலப் பஞ்சு! ஜூனில் இங்கே காட்டன்வுட் மரங்கள் வெடித்துப் பஞ்சு பறக்கும், ரோடெல்லாம் பனி மாதிரி கிடக்கும். எல்லாம் உள்ளே போய், பூச்சிகளோடு சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கிறது. தோட்டத்துக் குழாயால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் அடித்தேன். பிரஷர் வாஷர் போட்டால் தகடுகள் மடங்கிவிடும். ஒரு வாளி நிறைய சேறும் பஞ்சும் வந்தது.

நேற்று அதே ஏற்றம், அதே கேம்பர். இந்தத் தடவை டோ-ஹால் (பாரம் இழுப்பதற்கான கியர் மோட்) போட்டு, நானே ஒரு கியர் குறைத்து 45 மைலில் ஏறினேன். ஃபேன் இரண்டு முறை வந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம்கூட இருக்காது. கூலன்ட் 212ஐத் தாண்டவில்லை. இரண்டாவது முறை இரைச்சல் வந்தபோது மனைவி போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள்.