வில்லி ஹெஸ்டன் நிஜமாவே பெரிய ஆளா, இல்ல கேக்க ஆள் இல்லாத காலமா?

மஞ்சநீலம்: அமெரிக்கன் ஃபுட்பால்ல பழைய ஹாஃப்பேக்னு (பந்த வாங்கிட்டு ஓடுறவர்) பேச்சு எடுத்தாலே எல்லாரும் 1924ல இல்லினாய் காலேஜுக்கு ஆடின ரெட் கிரேஞ்ச்ல இருந்துதான் ஆரம்பிக்கிறீங்க, அதுக்கு 20 வருஷம் முன்னாடியே மிச்சிகன் காலேஜ்ல வில்லி ஹெஸ்டன் இருந்தாரு. 1901ல இருந்து 1904 வரைக்கும் 72 டச்டவுன், அதாவது பந்தோட எதிரணி கோட்டைத் தாண்டினது 72 தடவை. டீம் 44 மேட்ச் ஆடி 43 ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு டிரா.

கடுப்புகந்தசாமி: யாரை அடிச்சு 72னும் சொல்லுங்க ஜி. 1901ல பஃபலோவ 128-0, 1904ல வெஸ்ட் வர்ஜீனியாவ 130-0. அப்ப டச்டவுனுக்கே 5 பாயின்ட்தான், அதுலயே 130னா எதிர்ல நின்னவன் கதி என்ன. ஃபீல்டிங் யோஸ்ட் கோச்சா இருந்த அந்த டீம்ல யாரு ஓடினாலும் ஸ்கோர்தான்.

மஞ்சநீலம்: ஸ்டான்ஃபோர்டு என்ன சோப்ளாங்கி டீமா? 1902 ரோஸ் பவுல்ல (சீசன் முடிஞ்சு நடக்கற பெரிய மேட்ச்) 49-0, டைம் முடியறதுக்குள்ள அவங்க கேப்டனே போதும்ப்பான்னுட்டாரு, ஹெஸ்டன் மட்டும் பந்தோட 170 யார்டு ஓடினாரு.

கடுப்புகந்தசாமி: அதுல 5 டச்டவுன் அடிச்சது நீல் ஸ்னோ. உங்காளுக்கு எத்தனை? முட்டை. இதத்தான் சொல்றேன், மெஷின் யோஸ்டோடது 😄

பழையபந்து: நடுவுல வரேன். 1906க்கு முன்னாடி முன்னால பாஸ் பண்றதே ரூல்ல கிடையாது, 3 டவுன்ல, அதாவது 3 முயற்சியில, 5 யார்டு எடுத்தா போதும், பந்து அவங்ககிட்டயே இருக்கும், அதனால எல்லாரும் கும்பலா மோதிக்கிட்டு பந்து வச்சிருக்கவன பின்னாடி இருந்து தள்ளுவாங்க, சில டீம்ல பிடிச்சு இழுக்க பேன்ட்லயே கைப்பிடி தச்சிருப்பாங்க. அந்த நெரிசல்ல முதல் ரெண்டு எட்டுதான் எல்லாமே. ஹெஸ்டனோட சொத்தே அந்த ஸ்டார்ட்டுதான். 1904 ஒலிம்பிக்ல ஓட்டத்துல 3 தங்கம் வாங்கின ஆர்ச்சி ஹானும் மிச்சிகன்காரர்தான், கொஞ்ச தூரம் வரைக்கும் அவரையே ஹெஸ்டன் முந்துவாருன்னு ஒரு கதை இருக்கு. ஸ்னோ மாதிரி முட்டித் தள்ளுற ஃபுல்பேக் வேலை வேற.

கடுப்புகந்தசாமி: சரி வேகம் ஒத்துக்கறேன். ஆனா கலிஃபோர்னியால டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சிட்டு 23 வயசுல வந்து லா சேந்த ஆளு, 18 வயசுப் பசங்களோட மோதினா? 1905ல காசுக்கு ஆட ஒஹாயோல கேன்டன் டீமுக்குப் போனாரு, அங்க பருப்பு வேகல.

மஞ்சநீலம்: அப்ப எல்லா டீம்லயும் வயசானவங்க ஆடினாங்க பாஸ். அந்த ஒரே டிரா, 1903 மின்னசோட்டா 6-6, அதுல மிச்சிகனோட டச்டவுன் யாரு அடிச்சது? ஹெஸ்டன். அன்னைக்கு கூட்டம் கிரவுண்டுக்குள்ள பூந்து மேட்ச் பாதியில நின்னு, கிளம்பற அவசரத்துல மிச்சிகன் விட்டுட்டு வந்த தண்ணி ஜாடிக்குத்தான் ரெண்டு காலேஜும் இன்னும் அடிச்சுக்குது.

கடுப்புகந்தசாமி: ஜாடி மேட்டர் எனக்கும் பிடிக்கும். 72 மட்டும் இன்னும் உதைக்குது.