கேரளாவில் எட்டு நாள்: அம்மாவுக்கு ஒரு ஊர், அப்பாவுக்கு ஒரு ஊர் வேண்டும்

தம்பிலுவில்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து எழுதுகிறேன். மார்கழி லீவுக்கு அம்மாவையும் அப்பாவையும் கேரளாவுக்குக் கூட்டிப் போக யோசிக்கிறேன். கையில் எட்டு நாள்தான், மூன்று பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பாட்டு: மூணாறு, ஆலப்புழை, படகு வீடு, மறுபடியும் மூணாறு. திருவனந்தபுரம், கொல்லம், கோட்டயம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு என்று ஊர்ப் பெயர்கள் தெரியும், ஆனால் எந்த ஊர் எதற்குப் பேர்போனது, எதை விட்டால் பரவாயில்லை என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்ல ஆள் இல்லை.

ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா வைகாசிச் சடங்கு தொடங்கினால் வீட்டில் இருக்கவே மாட்டார், கண்ணகி அம்மன் கோயிலிலேயே கிடப்பார். அப்பா வேளாண்மைக்காரர், வயலை எட்டு நாள் மாமாவிடம் விட்டுவிட்டு வரச் சம்மதிக்க வைத்ததே பெரிய பாடு. அவருக்கு முழங்கால் நோ, மலை ஏறுவதெல்லாம் சரிவராது. எனக்குப் பழைய துறைமுகம், கோட்டை, நல்ல சாப்பாடு இருந்தால் போதும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை அக்கா:

தம்பி, முதலில் மூணாற்றை வெட்டி விடுங்கள். தேயிலை மலை பார்க்க நமக்கு நுவரெலியா இருக்கிறது, முழங்கால் நோக்காரரை வளைவு வளைவாக மலைக்கு ஏற்றி இறக்கி இரண்டு நாளை ஏன் தொலைக்க வேண்டும்? படகு வீடும் அப்படித்தான். நாங்கள் போனபோது ஆசைப்பட்டு ஒரு இராத்திரிக்கு எடுத்தோம், பின்னேரம் ஆனதும் கரையில் கட்டிவிட்டார்கள், விடியும்வரை பக்கத்துப் படகின் பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம். வாவிக்கரையில் பிறந்த ஆட்கள் காசு கொடுத்து வாவி பார்க்கப் போனதை நினைத்து இன்னும் வீட்டில் சிரிப்பார்கள்.

உங்கள் அம்மாவுக்குக் கொடுங்கல்லூர். இதை யாரும் பட்டியலில் போட மாட்டார்கள், கொச்சியிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் போல, ரயில் கிடையாது, பஸ்ஸில் அல்லது வாகனத்தில்தான் போக வேண்டும். அங்கே உள்ள பகவதி கோயில்தான் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். சேரனின் வஞ்சி நகரம் அதுவா கருவூரா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள், அது வேறு கதை. ஆனால் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் அந்தக் கோயில் எடுப்புக்கு இலங்கைக் கயவாகு மன்னனும் வந்து நின்றதாக இருக்கிறதே, அங்கிருந்துதான் நம் பக்கத்துக் கண்ணகி வழிபாடு வந்தது என்று நம் ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள். ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அங்கே இருப்பது பத்திரகாளி வடிவம், நம் ஊர்க் குளிர்த்திச் சடங்கு, கண்ணகி வழக்குரை பாடிப் படிப்பது ஒன்றும் இருக்காது. மீன மாதப் பரணியில் போகாமல் மார்கழியில் போவது நல்லதுதான், அந்தப் பரணிப் பாட்டுகளை அம்மாவோடு நின்று கேட்க முடியாது.

அப்புறம் திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி அங்கே தங்கினாள் என்பது அந்த ஊர்க் கதை. மாசி மாதம் பெண்கள் மட்டும் தெருத்தெருவாக அடுப்பு வைத்துப் பொங்குவார்கள், 2009இல் 25 லட்சம் பேர் பொங்கியதாகக் கின்னஸில் பதிவு இருக்கிறது. நீங்கள் போகிற நேரம் பொங்கல் இருக்காது, ஆனால் கூட்டமில்லாமல் கும்பிடலாம். பக்கத்திலேயே பத்மநாப சுவாமி கோயில். அதற்கு அப்பா வேட்டியோடு மேலுடம்பு திறந்து, அம்மா சீலை. காற்சட்டையோடு போனால் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

கொல்லம் கஜுவுக்கு (முந்திரிக்கு), கோட்டயம் ரப்பருக்கும் பத்திரிகைக்கும். 1989இல் இந்தியாவிலேயே முதலில் நூற்றுக்கு நூறு எழுத்தறிவு என்று பெயர் எடுத்த நகரம் கோட்டயம்தான். இரண்டையும் ரயில் ஜன்னலால் பார்த்தால் போதும். திருச்சூர் பூரத் திருவிழாவுக்குப் பேர்போனது, பூரம் சித்திரையில், மார்கழியில் போனால் வடக்குநாதர் கோயிலும் அதைச் சுற்றிய மைதானமும் நகைக்கடைகளும்தான்.

காத்தான்குடி காக்கா:

அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் கோழிக்கோட்டை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. தம்பிக்குப் பழைய துறைமுகமும் நல்ல சாப்பாடும் வேண்டும் என்றால் அதுதான் ஊர். 1498இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியது அந்த ஊருக்குக் கிட்ட உள்ள காப்பாட்டில். பேப்பூரில் இன்றைக்கும் மரத்தால் உரு என்கிற பெரிய கப்பல் கட்டுகிறார்கள், அரபு நாட்டுக்காரர் காலங்காலமாக வந்து வாங்குகிற கப்பல். குற்றிச்சிறையில் மிஷ்கால் பள்ளிவாசல் இருக்கிறது, மினாரா இல்லாமல், ஓட்டுக் கூரையோடு, அடுக்கடுக்கான மரவேலை. 1510இல் போர்த்துக்கேயர் நெருப்பு வைத்ததைத் திருப்பிக் கட்டியது. 2023இல் யுனெஸ்கோ அந்த ஊருக்கு இலக்கிய நகரம் என்று பட்டம் கொடுத்தது.

எனக்குப் பிடித்தது வேறு. குற்றிச்சிறைப் பழைய குடும்பங்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நம் பக்கத்தில் தமிழர், சோனகர் (முஸ்லிம்கள்) இரண்டு பேரிலும் வீடு பெண்ணுக்குத்தானே, மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள்தானே. தாய்வழிக் குடி என்று நாம் சொல்வதை அங்கே மருமக்கத்தாயம் என்பார்கள், இந்துக் கூட்டுக் குடும்பங்களில் அதை 1975இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு பெரியவரிடம் நம் ஊர் வழமையைச் சொன்னேன், மனிசன் தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டு ஒரு மணி நேரம் விடவில்லை.

மிட்டாய்த் தெருவில் அல்வா சாப்பிடுங்கள். காத்தான்குடி மஸ்கட் இனிப்பை விட நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், ஊருக்குத் திரும்பி வர வேண்டும். கொடுங்கல்லூர் போனால் சேரமான் பள்ளிவாசலையும் பாருங்கள், 629இல் கட்டியது, இந்தியாவின் முதல் பள்ளி என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது.

வட்டைக்காரன்:

படகு வீடு வேண்டாம் என்று சொன்னதோடு ஆலப்புழையையே வெட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா வாவியைப் பார்த்திருக்கிறார், வயலைப் பார்க்கவில்லை. இந்தத் தம்பியின் அப்பா வேளாண்மைக்காரர், அவருக்குக் குட்டநாட்டைக் காட்டாமல் கோயிலும் கோட்டையும் காட்டிக் கூட்டி வந்தால் பாவம்.

அங்கே வயல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, சில இடத்தில் ஒரு ஆள் உயரத்துக்கு மேலேயே பள்ளம். சுற்றி வரம்பு, இல்லை வரம்பு என்று சொல்லக் கூடாது, அணைக்கட்டு மாதிரி ஒன்று, அதன் மேலே வீடும் தென்னையும். படகு வெளியே உயரத்தில் போகும், நெல் உள்ளே பள்ளத்தில் நிற்கும். நாம் குளத்தைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், அவர்கள் மழை முடிந்ததும் வயலில் நிற்கிற தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுத்தான் விதைக்கிறார்கள். பஞ்சம் தண்ணீருக்கு அல்ல, தண்ணீர் இல்லாத இடத்துக்கு. உப்புத் தண்ணீர் ஏறாமல் தண்ணீர்முக்கத்தில் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டி வைத்திருக்கிறார்கள், அதைத் திறப்பதா மூடுவதா என்று மீன்பிடிக்காரருக்கும் வேளாண்மைக்காரருக்கும் வருசா வருசம் பிரச்சினை. வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டுகிற நேரம் நம் பக்கத்தில் நடக்கிற அதே சண்டை. 2013இல் உலக உணவு விவசாய நிறுவனம் இந்த வேளாண்மை முறைக்குப் பாரம்பரியச் சிறப்பு என்று தனி அங்கீகாரம் கொடுத்தது.

இதைப் பார்க்கப் படகு வீடு தேவையே இல்லை. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசாங்க நீர்வழிப் போக்குவரத்துப் படகு ஓடுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மரக்கறிக் கூடையும் ஏறி இறங்குகிற சாதாரண படகு. இரண்டரை மணி நேரம், டிக்கெட் ஒரு தேத்தண்ணிக் காசு போலத்தான். ஐப்பசி கார்த்திகையில் விதைத்திருப்பார்கள், நீங்கள் போகிறபோது பச்சையாக நிற்கும். கரிமீன் பொரியலும் சாப்பிடுங்கள், நம் வாவியில் கிடக்கிற மீன்தான், அங்கே பெயரும் விலையும் வேறு.

தம்பிலுவில்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வட்டைக்காரன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “கடலுக்குக் கீழே எப்படி வயல், பொய் சொல்கிறான்கள்” என்றார், பத்து நிமிசம் கழித்து வந்து அந்த ஊர்ப் பெயர் என்ன என்று கேட்டார். அதனால் ஆலப்புழை உறுதி. கொச்சியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? எட்டு நாளில் கோழிக்கோடு வரைக்கும் போக முடியுமா?

வாவிக்கரை அக்கா:

சரி, வயல் விசயத்தில் நான் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன்.

கொச்சிக்கு இரண்டரை நாள் வையுங்கள். நாம் மிளகாயைக் கொச்சிக்காய் என்று சொல்வதே அந்த ஊர்ப் பெயரால்தான் என்பார்கள். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் கொடுங்கல்லூர்ப் பக்கத்து முசிறித் துறையை மண்ணால் தூர்த்துவிட்டுக் கொச்சி வாயைத் திறந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் கொச்சி பெரிய துறைமுகம் ஆனது. கோட்டைக் கொச்சியில் சீன வலைகள், புனித பிரான்சிஸ் தேவாலயம், அங்கே 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்துப் பின்னர் எலும்பை லிஸ்பனுக்குக் கொண்டு போனார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது 1638, கொச்சியைப் பிடித்தது 1663, நாம்தான் முந்தி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் ஆலயம் இருக்கிறது, வெள்ளியும் சனியும் பூட்டு, அதைப் பார்த்து நாளைப் போடுங்கள். 2023இலிருந்து வாட்டர் மெட்ரோ என்று மின்சாரப் படகு ஓடுகிறது, குளிரூட்டியோடு. குருமண்வெளிப் பாதைப் படகில் வெயிலில் நின்று காய்ந்த ஆட்களுக்கு அதில் ஏறினால் கொஞ்சம் வயிறு எரியும்.

கோழிக்கோட்டை விடுவதற்குக் காக்கா மன்னிக்க வேண்டும், ரயிலில் போக நாலைந்து மணி நேரம், திரும்பவும் அதே. அப்பாவின் முழங்காலை வைத்துக்கொண்டு இந்த முறை வேண்டாம். கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கி இரண்டு நாள், ஆலப்புழை இரண்டு நாள், மிச்சம் கொச்சியும் கொடுங்கல்லூரும், கொச்சியிலிருந்தே விமானம் ஏறுங்கள். சபரிமலைக் காலம் என்பதால் ரயில் நிரம்பி வழியும், இப்போதே டிக்கெட் போடுங்கள்.

காத்தான்குடி காக்கா:

மன்னிப்பு இல்லை. தம்பி, அடுத்த லீவுக்குத் தனியாக வாருங்கள், நானும் வருகிறேன்.

இன்னொன்று, சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பார்கள், அது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்த குடிதண்ணீர். என்னுடைய வாப்பா வெறும் தேத்தண்ணி என்று நினைத்துச் சீனி கேட்டார்.