பொம்மருக்குக் கீழே நின்ற நாள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் முதன்முதலாகப் பறந்தது 1941 ஜனவரி 9. அந்த நாள் வந்தால் ஆளுக்காள் அந்த விமானத்தைப் பார்த்த கதையைச் சொல்வார்கள். என்னுடையது கொண்டாட்டக் கதை இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன்.

கனடாவில் ஹமில்டன் விமான நூதனசாலைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவன் மகன். விமானம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். மொத்தம் செய்தது 7,377, இன்னும் பறக்கக்கூடியது இரண்டே இரண்டு, ஒன்று இங்கிலாந்தில், மற்றது இங்கே என்று வழியெல்லாம் அதே பாட்டு. இங்கே நிற்பது 1945இல் மோல்டனில் செய்தது. நான் வந்திறங்கிய டொரொன்டோ பியர்சன் விமான நிலையத்தடிதான் அந்தத் தொழிற்சாலை.

உள்ளே போனதும் கண்ணில் பட்டது பெயர். அவ்றோ லங்காஸ்டர். கால் அப்படியே நின்றுவிட்டது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. "அவ்றோ வருது" என்றால் உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டுப் பங்கருக்குள் இறங்குவோம். ஆட்களும் சாமானும் ஏற்றுகிற விமானம் அது, அதிலிருந்துதான் குண்டை உருட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே கம்பனிப் பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"அப்பா, இஞ்ச வாங்கோ!" மகன் வயிற்றுக்குக் கீழே நின்றான். குண்டறை மட்டும் 33 அடி. பொம்மரைக் கீழேயிருந்து பார்த்தே வளர்ந்தவன் நான், ஆனால் கை எட்டுகிற தூரத்தில் பார்த்ததில்லை. எஞ்சின் ஒன்றிலிருந்து எண்ணெய் சொட்ட, கீழே தட்டம் வைத்திருந்தார்கள். எங்கள் பழைய வான் வண்டிக்கு வைக்கிற மாதிரி. அதைக் கண்டபிறகுதான் மூச்சு வந்தது.

வால் பக்கம் ஒரு வயோதிபர் மைனார்ஸ்கி என்ற கனேடிய விமானப்படை வீரரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1944 ஜூன் 13 அதிகாலை, பிரான்சுக்கு மேலே அவருடைய லங்காஸ்டர் எரிகிறது. வால் கூண்டுக்குள் பின்சுடுநர் இறுகிப்போய் இருக்கிறார். மைனார்ஸ்கி குதிக்காமல் நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போய்க் கோடரியால் கொத்துகிறார். முடியவில்லை. உடுப்பு எரிய எரிய ஒரு சலூட் அடித்துவிட்டுக் குதிக்கிறார். தீக்காயத்தில் அவர் செத்துப்போனார், விமானத்தோடு விழுந்தவர் தப்பிவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் சொல்லமாட்டேன். கீழே இருந்த சனத்தைப் பற்றி அந்த வயோதிபர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. கோடையில் ஒருநாள் அந்த லங்காஸ்டர் எங்கள் வீட்டுக்கு மேலால் போனது. தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மா குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மாடிப்படிக்குக் கீழே குந்திவிட்டா.

"இது பழசம்மா, சும்மா காட்டுறதுக்குப் பறக்குது."

"எத்தினை எஞ்சின்?"

"நாலு."

"அவ்றோவுக்கு ரெண்டெல்லோ," என்றபடி எழும்பிப் போய்க் குழாயை எடுத்தா.