புதுப்பிப்பு: பழைய லாரி ஆபீஸ்களும் புளியரை ஏற்றமும்

திருநெல்வேலி டவுனின் பழைய லாரி ஆபீஸ்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, பாவூர்ச்சத்திரத்துக் காய்கறி லோடுகள் ஆரல்வாய்மொழி வழியாகவே கேரளத்துக்குப் போயின என்று குறிப்பிட்டிருந்தேன், அது தவறு. அந்நாளில் லேலண்டு லாரி ஓட்டிய எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர், "தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாத்தான் கொல்லத்துக்குப் போவோம்" என்று திருத்தினார். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்து எல்லை மேற்கே மலைப்பக்கம் நகர்ந்துவிட்டதால், அவர் காலத்தில் சோதனைச் சாவடிக் காத்திருப்பெல்லாம் அந்த மலையடியில்தான். புளியரையின் 'எஸ்' வளைவு ஏற்றத்தில் கிளீனர் கையில் மரக்கட்டையுடன் பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவாராம். வண்டி பின்னால் நழுவினால் அக்கணமே கட்டையைச் சொருக வேண்டும். இதற்குத் தனிக்கூலி கிடையாது என்பதை அண்ணாச்சி இருமுறை சொன்னார். அவருடைய டிரிப் நோட்டில் டீசல், பேட்டா (பயணப்படி), தார்ப்பாய்க் கயிறு எனப் பென்சிலில் எழுதிய கணக்கு இன்னும் மங்கவில்லை.