சேவல் மிதிச்சு மிதிச்சு பெட்டைக்கோழி முதுகு கிழிஞ்சு போச்சு, என்ன பண்றது?

கேஆர்புரம்_கோழிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். பெங்களூரு கே.ஆர்.புரத்துல வீட்டுக்குப் பின்னாடி இருக்கற எடத்துல நாலு நாட்டுப் பெட்டையும் ஒரு கிரிராஜா சேவலும் வளக்கறேன். குஞ்சா வாங்கினப்ப சாதுவா இருந்துச்சு, இப்ப எட்டு மாசம், காலைல கூண்டத் தொறந்தா தீனி பக்கம் கூட போகாம தொரத்தித் தொரத்தி மிதிக்குது. நாலுல கருப்பிதான் அவனுக்கு இஷ்டம் போல, அவ முதுகுல ஒரு இறகு இல்ல, பின்கழுத்து மொட்டை, நேத்து தூக்கிப் பாத்தா றெக்கைக்கு அடியில விலாவுல ஒரு விரல் நீளத்துக்கு தோல் கிழிஞ்சு தொங்குது. முட்டையும் நிறுத்திட்டா. மத்த மூணுக்கும் இறகு ஒடிஞ்சு குச்சி குச்சியா நிக்குது. மஞ்சத்தூள் அப்பி வெச்சிருக்கேன். அறுத்துடுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, எனக்கு மனசு வரல, குஞ்சும் பொரிக்க வைக்கணும். என்ன செய்யலாம்?

சண்டே_சாப்பாடு:
வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. குழம்பு வெச்சா முகவரி அனுப்புங்க 😄

ஹொஸ்கோட்டே_பண்ணை:
தங்கச்சி, மொதல்ல கருப்பிய இன்னைக்கே தனியா எடுங்க. ரத்தம் தெரிஞ்சா மத்த பெட்டைங்களே கொத்திக் கொத்தி ஓட்டை போட்ரும், சேவல விட அது மோசம். மஞ்சள அப்பறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான உப்புத்தண்ணில கழுவி, ஓரத்துல ஒட்டியிருக்கற இறக வெட்டிட்டு, மெடிக்கல்ல கெடைக்குற போவிடோன் அயோடின் போடுங்க. ஈ மொய்க்க விட்டா ரெண்டே நாள்ல புழு வெச்சிரும், அதனால கொசுவலை போட்ட எடமா பாத்து வைங்க. தோல் தொங்குதுன்னு சொல்றீங்க, அது வாய் பொளந்து உள்ள சதை தெரிஞ்சா வீட்டு வைத்தியம் வேணாம், ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க, தையல் போட வேண்டி வரலாம்.

இப்ப சேவல் மேட்டர். அவன் கெட்டவன் இல்ல, கணக்குதான் தப்பு. ஒரு சேவலுக்கு எட்டு பத்து பெட்டை இருக்கணும், உங்ககிட்ட நாலு. போதாக்குறைக்கு கிரிராஜா கறிக்கும் முட்டைக்கும்னு ஹெப்பாள்ல உருவாக்கின பெருங்கட்டு ரகம், நாட்டுப் பெட்டை அவன் எடைல பாதி கூட இருக்காது. அந்த வெயிட்டு முதுகுல ஏறி வழுக்காம நிக்க நகத்தாலதான் பிடிப்பான். எட்டு மாசத்துல கால் பின்பக்கம் இருக்கற முள் குட்டியாத்தான் இருக்கும், கிழிக்கறது நகம், நல்லா பாருங்க.

கேஆர்புரம்_கோழிக்காரி:
அய்யோ ஆமாண்ணா, நகம்தான் கொக்கி மாதிரி இருக்கு. எடை போட்டேன், அவன் மூணே முக்கா கிலோ, கருப்பி ஒண்ணேகால். வேக வெச்ச உருளைக்கிழங்க சூடா முள்ளுல குத்தி வெச்சா ஓடு கழண்டு வந்துரும்னு ஒரு வீடியோல பாத்தேன், செய்யலாமா?

ஹொஸ்கோட்டே_பண்ணை:
வேணவே வேணாம். முள்ளுக்குள்ள எலும்பு இருக்கு, ரத்த ஓட்டம் இருக்கு, ஓட்ட உரிச்சா உயிர் போற வலி. ராத்திரி இருட்டினதும் புடிங்க, அப்ப அடங்கி இருப்பான், பழைய துண்டுல சுத்தி மடில வெச்சுட்டு நக நுனியும் முள் நுனியும் மட்டும் அரம் வெச்சு மழுங்கத் தேய்ங்க. ரத்தம் கசிஞ்சா மஞ்சளோ சோளமாவோ வெச்சு அழுத்துங்க. மாசம் ஒருவாட்டி செய்யணும், வளந்துட்டே இருக்கும்.

அல்சூர்_டெய்லரக்கா:
நான் கோழி டாக்டர் இல்லமா, தையல் மட்டும் சொல்றேன். என் நாலு பெட்டைக்கும் பழைய ஜீன்ஸ் பேன்ட்ல முதுகுத்துணி தெச்சு போட்ருக்கேன். பின்கழுத்துலேருந்து வால் ஆரம்பிக்கற வரைக்கும் நீளம், அகலம் ஒரு ஜாண், ரெண்டு மடிப்பா தெச்சு, கழுத்துப் பக்கத்துலேருந்து ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வளையம், அதுல ஒவ்வொரு றெக்கையையும் நுழைக்கணும். எலாஸ்டிக்குக்குள்ள ஒரு விரல் போகணும், இல்லன்னா றெக்கை அடில அறுக்கும். மொத நாள் குடிகாரன் மாதிரி பின்னாடி பின்னாடி நடக்கும், பயப்படாதீங்க, மறுநாள் பழகிரும். மழைல நனைஞ்சா கழட்டிடுங்க, வாரம் ஒருவாட்டி அடியில பேன் இருக்கான்னு பாருங்க. ஆனா புண்ணு மேல மட்டும் போடாதீங்க, ஆறினப்பறம்தான்.

மர்ஃபிடவுன்_மாடி:
இறகு பத்தி ஒண்ணு. வேரோட பிடுங்கினது சில வாரத்துல முளைக்கும், ஆனா பாதில ஒடிஞ்ச குச்சி அடுத்த இறகு உதிர்ப்பு வரைக்கும் அப்டியேதான் நிக்கும். புதுசா வர்ற குருத்து இறகுல ரத்தம் ஓடும், அப்ப அவன் ஏறினா திரும்ப ரத்தம்தான், அதனால இறகு முழுசா வளர்ற வரைக்கும் அவன விடவே விடாதீங்க. கருவாட்டுத் தூள் கொஞ்சம் தீவனத்துல கலங்க, இறகே புரதம்தான். அப்பறம் குஞ்சு வேணும்னா அவன் தினமும் கூட இருக்கணும்னே இல்ல, ஒருவாட்டி மிதிச்சா பத்து நாளைக்கு கரு கூடின முட்டை வரும், வாரத்துல ஒரு நாள் ஒரு மணி நேரம் விட்டா போதும். மத்த நேரம் பஞ்சாரத்துல கவுத்து வைங்க.

கேஆர்புரம்_கோழிக்காரி:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். ஹெப்பாள்ல நாலு தையல் போட்டாங்க, புண்ணு காஞ்சிருச்சு. பஞ்சாரம் அவன் சைசுக்குப் பத்தல, பழைய நாய்க்கூண்டுல போட்டேன், மொத ரெண்டு நாள் தெருவே எழுந்துக்கற மாதிரி கத்தினான், இப்ப அடங்கிட்டான். அக்கா சொன்னபடி தெச்சு நேத்து கருப்பிக்குப் போட்டு விட்டேன், மொத துணி பெருசாயி வாலுக்குக் கீழ எறங்கிருச்சு, ரெண்டாவது சரியா உக்காந்துச்சு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி காம்பவுண்டுலேருந்து எட்டிப் பாத்து 'கோளிகெ யாகெ பட்டெ ஹாகித்தீரா'ன்னு, கோழிக்கு ஏன் துணி போட்ருக்கீங்கன்னு கேக்கறாங்க. சேவல் கதைய கன்னடத்துல எப்டி சொல்றதுன்னு தெரியாம குளிருதுன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.